பாய்மரத்தின் முதுகில் ஓடும் பட்டை

பாய்ப்படகுகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் படகின் உடலில்தான் தொடங்குவார்கள். தண்ணீருக்குள் இருக்கும் வளைவு, அடியில் தொங்கும் ஈயத்தின் எடை, வடிவமைத்தவரின் பெயர், வென்ற கோப்பைகள் என்று சொல்லிக்கொண்டுபோய்ப் பாயின் பரப்பளவோடு முடித்துவிடுவார்கள். பாய்மரத்தின் பின்பக்கத்தில் அடியிலிருந்து உச்சிவரை ஏறுகிற, ஒரு விரலகலமே உள்ள உலோகப் பட்டை அவர்கள் கண்ணில் படுவது அபூர்வம். எனக்குச் சோறு போடுவது அந்தப் பட்டைதான். இங்கிலாந்தின் தென்கரையில், வைட் தீவுக்கு எதிரே ஓர் ஆற்றுமுகத்தில், பழைய யாட்டுகளின் பாய்மரங்களை இறக்கிக் கிடத்திச் செப்பனிடும் பட்டறையில் வேலை செய்கிறேன். பெரிய பாயின் முன்விளிம்பைப் பாய்மரத்தோடு பிடித்துவைக்கும் அந்தப் பட்டையை டிராக் என்றும், பாயில் கோத்து அதன்மேல் ஓடவிடும் சிறு கவ்விகளை ஸ்லைடு என்றும் சொல்வோம். 20ஆம் நூற்றாண்டில் பாய்ப்படகு உருமாறி, இன்று நாம் படங்களில் பார்க்கும் உயர்ந்த முக்கோணப் பாய்க்கு வந்து சேர்ந்ததே, அதற்கு வழிவிட்டது டிராக்தான் என்பது இந்த வேலையின் ஊடாக நான் வந்தடைந்த முடிவு.

டிராக்குக்கு முன் என்ன இருந்தது என்று பார்த்தால் இது விளங்கும். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மீன்பிடிப் படகானாலும் சீமான்களின் யாட்டானாலும், மரத்தின் பின்னால் ஏறும் பெரிய பாய்க்கு அநேகமாக நான்கு மூலைகள் இருந்தன. கீழ்விளிம்பு பூம் என்ற தண்டிலும், மேல்விளிம்பு காஃப் என்ற சாய்ந்த தண்டிலும் நிற்கும். முன்விளிம்பு பாய்மரத்தைச் சுற்றிய மரவளையங்களில் கட்டப்பட்டிருக்கும். ஆஷ் மரத்தின் மெல்லிய சட்டத்தை நீராவியில் வேகவைத்து, சூடு ஆறுமுன் வளைத்து, முனைகள் ஒன்றின்மேல் ஒன்று படியவைத்துச் செப்பு ஆணி அறைந்து செய்கிற வளையம் அது. தாராளமாக ஏறி இறங்கட்டும் என்று மரத்தின் பருமனைவிடப் பெரிதாகவே செய்வார்கள். மரத்துக்கு மாட்டுக்கொழுப்புத் தடவி வைப்பார்கள். பாயைத் தூக்கும் ஆஞ்சான் கயிற்றை இழுத்தால் வளையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறும். விட்டால், காஃப் தண்டின் கனமே பாயைக் கீழே இழுத்துக்கொண்டு வந்துவிடும். இந்தக் கடைசிக் குணம் முக்கியம். பாயை ஏற்றுவது நிதானமாகச் செய்கிற காரியம். காற்று சீறி வரும்போது அது இறங்க வேண்டும். பிடிப்பு வேலை சரியா பிழையா என்பது அப்போதுதான் தெரியும்.

வளையத்தில் ஒரே ஒரு குறை. அது மரத்தை முழுக்கச் சுற்றியிருக்கிறது. மரத்திலிருந்து எது வெளியே நீட்டினாலும் அந்த இடத்தில் நின்றுவிடும். பாய்மரம் தானாக நிற்பதில்லை. இரண்டு பக்கமும் கம்பிகள் இழுத்துப் பிடித்திருப்பதால் நிற்கிறது. அந்தக் கம்பிகள் மரத்தில் எந்த உயரத்தில் சேர்கின்றனவோ அதுதான் வளையத்தின் எல்லை. அதற்குமேல் பாய் வேண்டுமென்றால் இன்னொரு சிறு மரத்தை உச்சியில் பொருத்தி, அதில் தனியாக ஒரு மேற்பாயை ஏற்ற வேண்டும். அதற்குத் தனிக் கயிறுகள், தனி ஆட்கள். உயரமான ஒற்றை மரம் வேண்டுமானால் அதற்கு நடுநடுவே கம்பிப் பிடி வேண்டும். கம்பி வந்தால் வளையம் ஏறாது. இந்த முடிச்சு நெடுங்காலம் அவிழாமல் கிடந்தது.

நான் இலங்கையின் வல்வெட்டித்துறைக்காரன். சிறுவயதில் கரையில் பார்த்த வள்ளங்களில் இந்தச் சிக்கல் எழவே வழியில்லை. பாய் பருமல் என்ற குறுக்குத் தண்டில் கட்டித் தொங்கும். பருமலை மரத்தோடு ஒரே இடத்தில் கயிற்றால் சுற்றிப் பிடித்தால் போதும். எங்கள் ஊரில் கட்டிய பாய்க்கப்பலான அன்னபூரணியை வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்க, அது 1938இல் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகம் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. ஊரில் இன்றும் அந்தக் கதையைப் பெருமையோடு சொல்வார்கள். அந்தக் கப்பல் போய் இறங்கிய அதே நியூ இங்கிலாந்துக் கரையில்தான், அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, டிராக் இன்றைய வடிவத்துக்கு வந்திருந்தது.

ரோட் ஐலண்டின் பிரிஸ்டல் ஊரில் நதானியல் ஹெரஷாஃப் என்ற பொறியாளர் இருந்தார். 1848இல் பிறந்தவர். நீராவி எஞ்சின் தொழிற்சாலையில் கைபழகிய பிறகு, 1878இல் கண்பார்வையில்லாத தன் அண்ணன் ஜானோடு சேர்ந்து படகுக் கம்பெனி தொடங்கினார். 1893க்கும் 1920க்கும் இடையில் அமெரிக்கா கோப்பை என்ற யாட்டுப் பந்தயத்தில் கோப்பையைக் காத்த யாட்டுகள் எல்லாம் அவர் வரைந்தவை. அவர் எஞ்சின்காரர் என்பதால் பாயின் விளிம்பை எஞ்சின் உறுப்பைப் பார்ப்பதுபோல் பார்த்திருக்க வேண்டும். நேர்கோட்டில் ஓடுகிற ஒன்றுக்கு வழிகாட்டி வேண்டும், அந்த வழிகாட்டி மரத்தைச் சுற்றியிருக்கத் தேவையில்லை. பாய் டிராக்கையும் ஸ்லைடையும் அவருடைய கண்டுபிடிப்புகளின் வரிசையில்தான் சேர்த்துச் சொல்கிறார்கள்.

அதன் அமைப்பு எளியது. பித்தளை அல்லது வெண்கலப் பட்டை ஒன்று மரத்தின் பின்முகத்தில் திருகுகளால் இறுகியிருக்கும். பட்டையின் இரண்டு ஓரங்களும் மரத்தில் ஒட்டாமல் சற்று எழும்பி நிற்கும். ஸ்லைடின் இரண்டு உதடுகள் அந்த ஓரங்களுக்கு அடியில் மடங்கிப் பிடிக்கும். மரத்தின் முன்பக்கமும் இரண்டு பக்கவாட்டுகளும் முழுக்க விடுபட்டுவிட்டன. இனி எந்த உயரத்திலும் கம்பி கட்டலாம், கம்பியை விரித்துப் பிடிக்கும் குறுக்குக் கைகளை எத்தனை அடுக்கும் வைக்கலாம். பாய் அவற்றைத் தொடாமல் பின்புறமாக உச்சிவரை ஏறிப்போகும்.

முக்கோணப் பாய் புதிதல்ல. பெர்முடா தீவில் 17ஆம் நூற்றாண்டிலிருந்தே சாய்ந்த மரங்களில் அதை ஏற்றியிருக்கிறார்கள். அந்தப் பாய்க்கு பெர்முடா பாய் என்றே பெயர். பெரிய யாட்டுக்கு அதைக் கொண்டுவருவதற்கு வேண்டிய உயரத்தில் ஒரு மரத்தை நிறுத்துவதுதான் முடியாமல் இருந்தது. 1912இல் கோஸ்போர்ட்டின் கேம்பர் அண்ட் நிக்கல்சன்ஸ் பட்டறையில் சார்லஸ் நிக்கல்சன் வடிவமைத்த இஸ்ட்ரியா என்ற பந்தய யாட்டில், கீழே காஃப் பாய் இருந்தபடியே, மேல்மரத்தைக் கீழ்மரத்தோடு ஒன்றாக்கிப் பல கம்பிகளால் கட்டினார்கள். பார்த்தவர்களுக்கு அது மார்க்கோனியின் கம்பியில்லாத் தந்திக் கோபுரமாகத் தெரிந்தது. அமெரிக்காவில் உயரமான பெர்முடா பாயமைப்புக்கு மார்க்கோனி என்ற பெயரே நிலைத்துவிட்டது.

அதன்பின் மாற்றம் வேகமாக நடந்தது. ஃபாஸ்ட்நெட் என்ற நெடும்பந்தயம் 1925இல் முதன்முதலாக நடந்தபோது வென்றது ஜோலி பிரீஸ். 1913இல் பிரான்சின் லெ ஹாவ்ர் துறைமுகத்து வழிகாட்டிப் படகாகக் கட்டப்பட்ட, கனத்த காஃப் பாய்ப் படகு. 1929இலும் 1930இலும் அதுவே மறுபடி வென்றது. 1931இல் ஒலின் ஸ்டீஃபன்ஸ் என்ற இளைஞர் வரைந்த டோரேட் வந்தது. 52 அடி நீளம், ஒடுங்கிய உடல், உயர்ந்த முக்கோணப் பாய். அந்த ஆண்டு அட்லாண்டிக்கைக் கடக்கும் பந்தயத்தையும் ஃபாஸ்ட்நெட்டையும் சேர்த்து வென்றது. காஃப் பாயோடு இனி எந்தப் படகும் ஃபாஸ்ட்நெட்டை வெல்லப்போவதில்லை என்பது அன்றே தெரிந்துவிட்டது. நான் டோரேட்டை ஒரு படியாக மட்டும் பார்க்கவில்லை. அந்தப் படகு 1936இல் கலிஃபோர்னியாவிலிருந்து ஹவாய் போகும் பந்தயத்தை வென்று, பழுதுபார்க்கப்பட்டு, 2013இல் அதே பந்தயத்தை மறுபடி வென்றது. ஒழுங்காகப் பராமரித்த மரமும் உலோகமும் எவ்வளவு காலம் தாங்கும் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் அது.

1930இன் அமெரிக்கா கோப்பையை இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கோப்பைக்கு முதன்முறையாகப் பெர்முடா பாயோடு இரு தரப்பும் வந்த ஆண்டு. கோப்பைக்குச் சவால்விட்ட தாமஸ் லிப்டனின் ஷாம்ராக் ஃபைவ் மரத்தாலான பாய்மரத்தோடு வந்தது. கோப்பையைக் காத்த, ஸ்டார்லிங் பர்ஜெஸ் வடிவமைத்த என்டர்பிரைஸின் பாய்மரம் டூராலுமின் தகடுகளை ஆணியறைந்து சேர்த்த உலோகக் குழாய், 150 அடிக்கும் மேல் உயரம். அத்தனை உயரத்தில் ஒரே பாய். மூன்றாவது பந்தயத்தில் ஷாம்ராக்கின் பெரிய பாயைத் தூக்கும் ஆஞ்சான் அறுந்து பாய் சரிந்து விழ, பந்தயத்தைக் கைவிட வேண்டியதாயிற்று. என்டர்பிரைஸ் நான்குக்குப் பூச்சியம் என்று வென்றது. பழைய முறையில் காஃப் பாயும் மேற்பாயும் பகிர்ந்துகொண்ட சுமை முழுவதும் இப்போது ஒரு கயிற்றுக்கும் ஒரு பட்டைக்கும் வந்துவிட்டது. மரம் உயர உயர, சின்ன உறுப்பின் தலையில் பெரிய பாரம் ஏறிக்கொண்டே போனதுதான் இந்த வரலாறு. எங்கள் பட்டறைக்கு வரும் பழுதுகளில் பாதிக்கு அதுவே காரணம்.

சீமான்களின் யாட்டிலிருந்து சாதாரணக் குடும்பப் படகுக்கு டிராக் இறங்கிவந்தது வார்ப்புப் பட்டறைகளின் தயவால். பாஸ்டனில் மெரிமன் பிரதர்ஸ், கனெடிகட்டின் மிடில்டவுனில் வில்காக்ஸ் கிரிட்டெண்டன் போன்ற கம்பெனிகள் யாட்டுகளுக்கான வெண்கலச் சாமான்களை ஏராளமாகச் செய்து விற்றன. பட்டையின் அகலம் எட்டில் ஐந்து அங்குலம், எட்டில் ஏழு அங்குலம் என்று வழக்கத்தில் நிலைத்தது. இன்று மில்லிமீட்டர் கணக்கில் செய்துவரும் ஸ்லைடைப் பழைய பட்டையில் போட்டால் நுழையும், ஓடும், பாதி உயரத்தில் சாய்ந்து இறுகும். பழைய டிராக்குக்குப் புது ஸ்லைடு வாங்கும் முன் பட்டையின் அகலத்தை மட்டும் அளந்தால் போதாது, ஓரத்தின் தடிப்பையும், ஓரத்துக்கும் மரத்துக்கும் உள்ள இடைவெளியையும் அளக்க வேண்டும்.

சென்ற குளிர்காலத்தில் எங்களிடம் வெர்ச்சூ வகைப் படகு ஒன்றின் பாய்மரம் வந்தது. லாரன்ட் ஜைல்ஸ் வடிவமைத்த வகை. 1936இல் வந்த முதல் படகான ஆன்ட்ரியோவுக்கு காஃப் பாய்தான் இருந்தது, பின்னால் வந்தவற்றுக்குப் பெர்முடா பாய். 25 அடியே நீளமுள்ள அந்த வகைப் படகில் 1950இல் ஹம்ஃப்ரி பார்ட்டன் அட்லாண்டிக்கைக் கடந்திருக்கிறார். எங்களிடம் வந்த மரம் 1950களில் செய்த ஸ்ப்ரூஸ் மரம், வெண்கல டிராக், வெண்கல ஸ்லைடுகள். பாய் இறங்கும்போது ஓரிடத்தில் நிற்கிறது என்பது முறைப்பாடு.

டிராக்குக்கு அடியில் மெல்லிய மரச்சட்டம் ஒன்று ஓடியது. ஸ்லைடின் உதடுகள் மரத்தில் உரசாமல் இருக்கப் பட்டையை உயர்த்திவைப்பதற்காக அந்தக் காலத்துத் தச்சர் வைத்தது. திருகுகள் சீரான இடைவெளியில் வந்து, இரண்டு இடங்களில் மட்டும் நெருங்கின. பாயைச் சுருக்கும்போது அதன் மேல்மூலையில் உள்ள உச்சிப்பலகை எந்த உயரத்தில் வந்து நிற்குமோ அந்த இடங்கள். முழுப் பாயில் உச்சியில் விழும் இழுவை, சுருக்கிய பாயில் மரத்தின் நடுப்பகுதியில் விழுகிறது. அதுவும் காற்று பலத்த நேரத்தில். செய்தவர் அதை அறிந்து திருகுகளை இரட்டித்திருந்தார். பின்னால் வந்த யாரோ பாய்க்கு மூன்றாவது சுருக்கு வைத்திருக்கிறார்கள், அந்த உயரத்தில் திருகைக் கூட்டவில்லை. அங்கேதான் பட்டை கால் அங்குலம் மேலே எழும்பி, இணைப்பு விலகி, ஸ்லைடு வந்து முட்டி நின்றது.

கழற்றிய திருகுகளைப் பார்த்தால் மற்றக் கதை தெரியும். சில வெண்கலம், தலை கறுத்து, தண்டு திடமாக இருந்தன. சில பித்தளை. பித்தளையில் செம்பும் துத்தநாகமும் இருக்கின்றன. உப்புநீர் துத்தநாகத்தை மட்டும் கரைத்துக்கொண்டு போய்விடும். மிஞ்சுவது இளஞ்சிவப்பான, துளைபட்ட செம்பு. திருப்புளியை வைத்து லேசாகத் திருப்பினாலே தலை கையோடு வந்துவிடுகிறது. உள்ளே நிற்கும் தண்டை எடுக்க, விளிம்பில் பல் வெட்டிய சிறு குழாயை அதன்மேல் சுழலவிட்டு, சுற்றியுள்ள மரத்தோடு சேர்த்து உருவ வேண்டும். பிறகு அந்தக் குழியை அடைக்க வேண்டும். கடையில் விற்கும் உருட்டுக் கட்டையை வைத்து அடைத்தால் அதன் இழை நீளவாக்கில் ஓடும். அதில் ஏற்றும் திருகு இழைகளின் நடுவே நுழைந்து, இழுத்தால் உருவிக்கொண்டு வரும். ஆகவே ஸ்ப்ரூஸ் பலகையின் முகத்திலிருந்து, இழை குறுக்கே வரும்படி கடைந்தெடுத்த கட்டையை, பாய்மரத்தின் இழையோடு திசை ஒத்துப்போக வைத்து எப்பாக்ஸியில் ஒட்டினோம். ஆறிய பின் அதில் புதுத் துளை, சிலிக்கன் வெண்கலத் திருகு. டிராக்கின் துண்டுகள் சேரும் இடத்தில் முனைகளைக் கண்ணாடிப் பரப்பாக அராவித் தேய்த்து, விரல் நகத்தை ஓட்டிப் பார்த்து, நகம் எங்கும் தடுக்காதவரை தேய்த்தோம். மூன்றாவது சுருக்கின் உயரத்தில் திருகுகளை நெருக்கினோம்.

அலுமினியப் பாய்மரம் வந்த பிறகு பழுதின் தன்மையே மாறியது. என்டர்பிரைஸின் ஆணியறைந்த குழாய் கோடீஸ்வரர்களுக்கானது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், அலுமினியத்தை அச்சு வழியாகப் பிதுக்கி நீண்ட குழாயாக எடுக்கும் முறை மலிவானதும், 1950களில் இங்கிலாந்தில் இயன் ப்ராக்டர் உலோகப் பாய்மரங்களைச் சிறு படகுகளுக்குக் கொண்டுவந்தார். 1960இல் ஸ்வீடனில் பெர் செல்டேன் தன் கம்பெனியைத் தொடங்கினார். பிதுக்கும்போதே பின்பக்கத்தில் ஒரு பள்ளத்தையும் சேர்த்து எடுக்கலாம் என்பதால் பல மரங்களில் தனிப் பட்டையே தேவைப்படவில்லை. பாயின் விளிம்புக் கயிற்றையே பள்ளத்தில் நுழைத்தார்கள். பந்தயக்காரருக்கு அது பிடித்தது. இரண்டே பேர் ஓட்டும் குடும்பப் படகில், இறக்கிய பாய் பள்ளத்தைவிட்டு முழுக்க வெளியே வந்து மேல்தளமெங்கும் அலையும். அதனால் அவர்கள் பள்ளத்தில் ஓடும் நைலான் ஸ்லைடுக்கோ, அலுமினியத்தின்மேல் துருப்பிடிக்காத எஃகுப் பட்டைக்கோ திரும்பினார்கள்.

எஃகும் அலுமினியமும் உப்புநீரில் அருகருகே இருந்தால் அலுமினியம்தான் அழியும். எஃகுத் திருகைச் சுற்றி வெள்ளைப் பொடி கட்டும். அந்தப் பொடிக்கு, அழிந்த அலுமினியத்தைவிட அதிக இடம் வேண்டும். அது புடைத்துத் திருகை இறுக்கிப்பிடித்துக்கொள்ளும், பட்டையையும் மெல்ல மேலே தள்ளும். 1970களின் அலுமினியப் பாய்மரம் ஒன்றில் இப்படிப் புடைத்த பட்டையை, முன்பு அதைப் பழுதுபார்த்த பட்டறையொன்று, காரணத்தைத் தேடாமல், இன்னும் பெரிய எஃகுத் திருகுகளை எந்தப் பசையும் இல்லாமல் ஏற்றி இறுக்கி அனுப்பியிருந்தது. சில பருவங்களுக்குள் மரத்தின் சுவரே அங்கங்கே சல்லடையாகிவிட்டது. இரண்டு உலோகங்களும் தொடாதபடி நடுவே ஒரு பூச்சு வேண்டும். கடல் வேலைக்கென்று விற்கும் பசைகள் இருக்கின்றன, விலையும் பெரிதல்ல. இறுகிய திருகைக் கழற்றும்போது சூட்டை மெல்லக் கொடுத்து, எண்ணெய் விட்டு, ஓர் இரவு விட்டுவைத்து, மறுநாள் சுத்தியலால் அடித்தால் திரும்பும் திருப்புளியைப் பயன்படுத்துவோம். பொறுமையில்லாதவர் தலையை முறித்துவிடுவார். முறிந்தால் துளைத்து, அடுத்த அளவுக்கு மரை வெட்டத்தான் வேண்டும்.

இவ்வளவு நுணுக்கம் ஏன் என்று கேட்பவர்களுக்கு 1979ஆம் ஆண்டு ஃபாஸ்ட்நெட்டைச் சொல்வேன். 303 யாட்டுகள் புறப்பட்டன. ஐரிஷ் கடலுக்குத் தெற்கே புயல் பிடித்தது. பந்தயத்தில் ஓடியவர்களில் 15 பேர் இறந்தார்கள். மிகச் சிறிய யாட்டுகளின் வகுப்பில் பந்தயத்தை முடித்த ஒரே படகு அசென்ட், லிமிங்டனில் கட்டிய கான்டெஸ்ஸா 32. அப்படியொரு இரவில், எழுந்து நிற்க முடியாத தளத்தில், ஒருவர் பாய்மரத்தை ஒரு கையால் அணைத்துக்கொண்டு பாயை இறக்கப் பார்க்கும்போது ஒரு ஸ்லைடு இணைப்பில் முட்டி நின்றால், அவர் மரத்தில் ஏறிப்போய்ச் சரிசெய்ய முடியாது. காஃப் தண்டின் கனம் அன்று தந்த உதவி பெர்முடா பாயில் இல்லை. பாயின் சொந்த எடை மட்டும்தான். அது தானாகவே இறங்க வேண்டுமென்றால் பட்டை வழுவழுப்பாகவும் நேராகவும் இருக்க வேண்டும்.

1980களிலிருந்து முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புவரை குறுக்கே முழு நீளத்துக்கும் சட்டம் வைத்த பாய்கள் பரவின. பாயின் வடிவம் நிலைத்து நிற்கும், கிழிசல் குறையும். ஆனால் ஒவ்வொரு சட்டமும் தன் முனையால் ஸ்லைடைப் பாய்மரத்தை நோக்கி அழுத்தும். பழைய ஸ்லைடு பின்னோக்கிய இழுவைக்காகச் செய்யப்பட்டது, முன்னோக்கிய அழுத்தத்துக்காக அல்ல. அது கோணிக்கொண்டு இறுகும். இதற்காகக் குண்டுகள் உருளும் வண்டிகளும், தேய்மானம் தாங்கும் பிளாஸ்டிக் தடங்களும் சந்தைக்கு வந்தன. நல்ல சாமான்கள்தான், புதிய பெரிய படகுகளுக்கு நானே பொருத்துகிறேன். 1950களின் ஸ்ப்ரூஸ் மரத்தில் அவற்றை வைக்கச் சொல்லி வருபவர்களைத்தான் உட்காரவைத்துக் கதைக்க வேண்டியிருக்கிறது. அந்த மரமும் அந்தத் திருகுகளும் குட்டைச் சட்டம் வைத்த மென்மையான பாய்க்குக் கணக்கிடப்பட்டவை. புதுத் தடத்துக்காகத் துளைக்கும் ஒவ்வொரு துளையும் தண்ணீர் இறங்கும் வழி.

வெர்ச்சூவின் உரிமையாளர் முதலில் பிளாஸ்டிக் தடம்தான் கேட்டார். கழற்றிய டிராக்கை மேசையில் நீட்டிவைத்து, அளவுமானியால் ஓரத்தை அடிக்கு அடி அளந்து காட்டினேன். கிட்டத்தட்ட எழுபது ஆண்டுத் தேய்மானம் ஓர் அட்டையின் தடிப்புக்குமேல் எங்கும் இல்லை. ஸ்லைடுகளில்தான் கண்ணிகள் தேய்ந்து மெலிந்திருந்தன. உச்சிப்பலகைக்கும் சுருக்குகளுக்கும் வருகிற ஸ்லைடுகளை மட்டும் வார்ப்புப் பட்டறையில் பழைய அச்சுப்படி புதிதாக வார்த்து வாங்கினோம். மற்றவற்றைப் பாயிலிருந்து பிரித்துச் சுத்தம் செய்து, தேய்ந்த கண்ணி பாய்த்துணியை அறுக்காதபடி மெழுகிட்ட நூலால் மறுபடி கட்டினோம். பாய் குட்டைச் சட்டங்களோடு அப்படியே இருக்கட்டும் என்று அவரும் ஒப்புக்கொண்டார். மார்ச்சில் மரத்தை நிறுத்தினோம். ஆஞ்சானைத் தளர்த்தியதும் பாய் உச்சியிலிருந்து பூம்வரை எங்கும் நிற்காமல் இறங்கியது.